ஜன்னலோரக் கட்டில்

இன்சுலின் புட்டியைக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். அடியில் தங்கிய வெண்மை மேலேறி, புட்டி முழுக்கத் தண்ணீர் கலந்த பால் போல ஆகும்வரை. யாமினி அதைச் சரியாகத்தான் செய்தாள். சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி, சரியான நோயாளி. நர்சிங் கல்லூரியில் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்ல வைத்த ஐந்து. சிரிஞ்சைத் தட்டில் வைத்தபோது நான்கு விரல்கள் மடங்கியிருந்தன.

ஆண்கள் வார்டில் அவளுக்கு அது முதல் நாள். அதற்கு முன் பிரசவ வார்டில் இருந்தாள். மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனை சின்னது. மாடியில் எட்டுக் கட்டில்கள், தாழ்வாரத்தின் கடைசியில் ஆபரேஷன் தியேட்டர். நோயாளியின் கையில் பெயர்ப்பட்டை கட்டும் வழக்கம் அங்கே இல்லை. சுவரில் கட்டிலின் எண் ஒட்டியிருக்கும். பேச்சும் எண்ணில்தான்.

"ஏழு, புருஷோத்தமன். மிக்ஸ்டு இன்சுலின், இருபது," என்றாள் வார்டுப் பொறுப்பிலிருந்த சுலோசனா சிஸ்டர், வேறு எதையோ தேடிக்கொண்டே. "டிபன் வந்துடுச்சி, அதுக்கு முன்னால போட்டுடு. நாலு, பித்தப்பைக் கல்லு. இன்னிக்கி முதல் கேஸு. வாயில தண்ணிகூட ஊத்தக் கூடாது. ரெண்டையும் ஞாபகம் வெச்சிக்கோ."

"சரி சிஸ்டர்."

"சத்தமாப் பேசு. எலி மாதிரி பேசினா இந்த வார்டுல ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

ஏழாம் எண் ஜன்னலோரக் கட்டில். திரையை விலக்கியிருந்தார்கள். வெளியே மலை, பாதி வெயிலிலும் பாதி மேகத்திலும் இருந்தது. கட்டிலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினார். மழித்த தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அந்த வார்டிலேயே மூன்று மொட்டைத் தலைகள். மலைக்கோயிலுக்கு முடி கொடுக்க வருபவர்கள் நிறைந்த அந்த ஊரில் அது யாருக்கும் அடையாளம் ஆகாது.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் யாமினி கேட்டாள்.

"இவர் பேரு என்னம்மா?"

கேட்க வேண்டும் என்று படித்திருந்தாள். கேட்டாள்.

அந்தப் பெண் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். சிரிப்பு வந்தது. "அவரு பேர நான் எப்பிடிம்மா சொல்றது?"

யாமினிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். சொந்த ஊரான நகரியில் அவள் அம்மா ரேஷன் கடையில் இதே சிரிப்போடு நிற்பாள். பின்னாலிருந்து யாமினிதான் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். வரிசையே திரும்பிப் பார்க்கும். அந்தக் கூச்சத்தில் இன்னொருத்தியை நிறுத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சரி, விடுங்க. எங்கம்மாவும் இப்பிடித்தான்," என்றாள்.

"நல்லாத் தூங்கிக்கினு இருக்காரே. ஊசி போடணுமா?"

"சின்ன ஊசிதான். தெரியாது."

சட்டையை விலக்கி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, குத்தினாள். அவர் புருவம் மட்டும் அசைந்தது. மருந்து முழுக்க இறங்கியதும் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள்.

"இப்போ டிபன் குடுத்துடுங்க. லேட்டாக்கக் கூடாது."

"டிபனா?" அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "ஒண்ணும் குடுக்காதன்னு சொல்லிக்கிறாங்களே. ஆபரேஷன் இல்ல?"

யாமினி சுவரைப் பார்த்தாள். ஏழு.

"நாங்க நாலாம் நம்பரும்மா," என்றாள் அந்தப் பெண். "காலையிலதான் மாத்திக்கினோம். கத்தி வெக்கிறதுக்கு முன்னால மலையப் பாத்துக்கினு இருக்கட்டும்னு கேட்டேன். அந்த அண்ணா குடுத்தாரு, பாவம்."

வார்டின் உள்பக்கம், சுவரோரத்து நான்காம் கட்டிலில் இருந்து இன்னொரு மொட்டைத் தலை கையை உயர்த்தியது. "பாப்பா, எனக்குத்தான் இன்னும் ஊசி வரல. இட்லி ஆறிப்போய்க்கினு இருக்குது. நான் மலைமேல ஜீப்பு ஓட்டறவன்மா, தெனம் அந்த மலையப் பாத்து அலுத்துப் போச்சி. கட்டில குடுத்துட்டேன். இட்லியையும் குடுக்கச் சொல்லாத."

யாரோ சிரித்தார்கள். யாமினியின் காதில் அது வெகுதூரத்திலிருந்து விழுந்தது. கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தாள். காலி. தட்டில் அதை வைத்தபோது உலோகம் அதிர்ந்து சத்தம் போட்டது.

*

சுலோசனா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். சுலோசனா கத்தவில்லை. மருந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"யாருக்காச்சும் சொன்னியா?"

"இல்ல சிஸ்டர்."

"அந்தம்மாவுக்கு?"

"இல்ல. டாக்டருக்கு போன்—"

"இரு." சுலோசனா நெற்றியைத் துடைத்தாள். "இரு, இரு. யோசிக்க விடு."

வெளியே டிபன் வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

"போன வருஷம் கீழ முன்கண்ணாடி பூரா ஒடச்சாங்க, தெரியுமா?" சுலோசனாவின் குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு கிழவரு. வயசாயி செத்தாரு. யார் மேலயும் தப்பில்ல. அதுக்கே முப்பது பேரு வந்தாங்க. நான் இதே ரூமுல, இந்த மேசைக்கு அடியில உக்காந்துக்கினு இருந்தேன். கதவ ஒதைக்கிறாங்க. பேரு சொல்லிக் கூப்புடுறாங்க, சுலோசனா, வெளிய வாடின்னு. என் பேரு எப்பிடித் தெரிஞ்சிதுன்னு இன்னும் எனக்குத் தெரியல." அவள் அலமாரியைத் திறந்தாள். "இவங்க குடுபல்லிக்காரங்க. இவரோட அண்ணன் தம்பிங்க பத்து மணிக்குள்ள வந்துடுவாங்கன்னு அந்தம்மா சொல்லிச்சி. நீ ஒண்ணும் பேசாத."

"சிஸ்டர், அவரு நேத்து ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்புடல."

"தெரியும். அதான் இது." அடர்த்தியான குளுக்கோஸ் மருந்தை எடுத்துச் சிரிஞ்சில் ஏற்றினாள். "கை நரம்புல லைன் போட்டிருக்கு இல்ல, தள்ளிவிட்டா ஏறிடும். அப்புறம் தியேட்டர்ல டிரிப் ஓடும். முடிஞ்சிது."

யாமினி அந்தச் சிரிஞ்சைப் பார்த்தாள்.

"அது மிக்ஸ்டு, சிஸ்டர். ஒரு தரம் ஏத்தினா பத்தாது. சாயந்திரம் வரைக்கும் சக்கரை எறங்கிக்கினேதான் இருக்கும். தியேட்டர்ல உப்புத் தண்ணிதான் போடுவாங்க. அவருக்கு சுகர் வியாதியே இல்ல, யார் சுகர் பாப்பாங்க?"

"நீ டாக்டரா?"

"மயக்கத்துல இருந்தா வேர்த்தாலும் தெரியாது. ஒளறினாலும் தெரியாது. ஒளறவே மாட்டாரே."

சுலோசனா அவளைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. அதுதான் யாமினிக்கு அதிகப் பயமாக இருந்தது. கோபமாக இருந்தால் அழுதுவிடலாம்.

கதவு தட்டப்பட்டது. தியேட்டர் ஆள் வேணு. "சிஸ்டர், முதல் கேஸு ரெடியா? டாக்டரு வந்துட்டாரு. ஸ்ட்ரெச்சர் எடுத்தாந்துட்டேன்."

"ரெடி," என்றாள் சுலோசனா.

அவளே போய்க் குளுக்கோஸைச் செலுத்தினாள். பழகிய கைகள், ஒரு துளி சிந்தவில்லை. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "இது இன்னாம்மா?"

"சத்து ஊசி."

"அந்த சின்னம்மா போட்டது?"

"அதுவும்தான்."

யாமினி கட்டிலின் கால்பக்கத்தில் நின்றாள். கட்டில் மாறியபோது கூடவே வந்திருந்த கேஸ் அட்டையில் இப்போதுதான் பெயரைப் பார்த்தாள். திருமலை. மனைவி செங்கம்மா. இரவு கொடுத்த தூக்க மாத்திரையின் கலக்கத்தில் திருமலை கண்ணைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். வேணுவும் இன்னொருவரும் அவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள்.

"செங்கு," என்றார் அவர். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?"

"இது ஆஸ்பத்திரி சாமி," என்று வேணு சிரித்தார். "மாடு இங்க எங்க வருது?"

செங்கம்மாவும் சிரித்தாள். யாமினியால் சிரிக்க முடியவில்லை. தூக்க மாத்திரையா, அதற்குள் சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டதா? அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. தொடவில்லை. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

*

தாழ்வாரம் நீளமானதல்ல. ஆனால் அதற்குள் அவள் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சார், ஒரு நிமிஷம். சார், ஒரு தப்பு நடந்துடுச்சி. சார், நான் தப்பு பண்ணிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினாள். மயக்க மருந்து டாக்டர் ஹேமநாத்தோடு அவள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவர் வெளியிலிருந்து வருபவர். மூன்று நான்கு மருத்துவமனைகளுக்குப் போகிறவர். எப்போதும் வேகமாக நடப்பார்.

பின்னால் வார்டு வாசலில் சுலோசனா நின்றிருந்தாள். யாமினி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் அது தெரிந்தது.

தியேட்டர் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. செங்கம்மா வெளியே நிறுத்தப்பட்டாள். கதவு ஆடி ஆடி மூடிக்கொண்டது.

யாமினி நின்றாள்.

வேலை போகும். அது பரவாயில்லை என்று நினைக்கப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை. வீட்டில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே அம்மா போனை எடுத்து, "இன்னாடி, கேக்கல, சத்தமாச் சொல்லு," என்பாள். அவள் சத்தமாகச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் வந்தால் நகரி முழுக்கச் சொல்ல வேண்டியே இராது. பேசாமல் இருந்துவிட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை கொடுத்த குளுக்கோஸ் போதும். ஒரு மணி நேர ஆபரேஷன்தானே? எழுந்துவிடுவார்.

எழுந்துவிடாவிட்டால் யாருக்கும் காரணம் தெரியாது. அவளுக்கும் சுலோசனாவுக்கும் மட்டும் தெரியும். ஒரு மனிதர் கண்ணைத் திறந்தபடி, யாரையும் அடையாளம் தெரியாமல், குடுபல்லியில் ஒரு கட்டிலில் பல வருடங்கள் கிடப்பார். அந்தப் பெண் அவர் வாயைத் துடைத்துவிடுவாள்.

"உள்ள போம்மா," என்றாள் செங்கம்மா. அவள் யாமினியைத் தியேட்டர் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டாள். "ஏன் நின்னுக்கினு இருக்கற? அவரு பயந்தாங்கொள்ளி. தெரிஞ்ச மொகம் ஒண்ணு இருந்தா நல்லது."

யாமினி செருப்பை உதறினாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே குளிர். திருமலை மேசையில் படுத்திருந்தார். அவர் விரலில் மாட்டியிருந்த கருவி சீராகக் கூவியது. ஹேமநாத் வெள்ளை நிற மயக்க மருந்து நிறைந்த சிரிஞ்சை லைனில் பொருத்திக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? தொப்பி எங்க, மாஸ்க் எங்க?"

வாக்கியம் மறந்துவிட்டது. மிச்சமிருந்தது மட்டும் வந்தது.

"இன்சுலின் போட்டுட்டேன்."

"என்ன?"

"இவருக்கு. இவருது இல்ல. ஏழாம் நம்பருது."

அவருடைய கட்டைவிரல் சிரிஞ்சின் பின்முனையில் இருந்தது. யாமினி அதையே பார்த்தாள். விரல் மெதுவாக விலகியது. அவர் சிரிஞ்சைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"எந்த இன்சுலின்?"

"மிக்ஸ்டு."

"எவ்வளவு?"

"இருபது."

"எப்போ?"

சொன்னாள். சுலோசனா செலுத்திய குளுக்கோஸையும் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் இன்னும் சிறியதாகிவிட்டது. ஹேமநாத் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"குளுக்கோமீட்டர்," என்றார் அவர், வேறு யாரிடமோ.

திருமலையின் விரலில் குத்தினார்கள். துளியைப் பட்டையில் தொட்டார்கள். சில நொடிகள் எதுவும் வரவில்லை. பிறகு எண் வந்தது. அறுபத்தொன்று.

"குளுக்கோஸ் கொடுத்த பிறகும் அறுபத்தொன்றுதான்," என்றார் ஹேமநாத். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அவருக்கும் வியர்த்திருப்பதை யாமினி பார்த்தாள். "நான் தூங்க வெச்சிருப்பேன். வெச்சிட்டு செல்போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்."

பிறகு நிமிர்ந்தார். "கேஸ் கேன்சல். பத்து பர்சென்ட் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் மாட்டுங்க. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க."

*

பெரிய டாக்டர் வந்து கத்தினார். மருந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். யாமினி தரை டைல்ஸின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுலோசனா சற்றுத் தள்ளி நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கடைசியில் அவர் மூச்சு வாங்கினார். "கட்டில மாத்தினது யாரு? கூட வந்த ஆளுங்கதானே? நம்மளக் கேட்டாங்களா? இல்ல. ஆஸ்பத்திரி ரூல்ஸ் மீறி பேஷண்ட மாத்தினாங்க. அதனால வந்த பிரச்சினை. இதான் நடந்தது. சுலோசனா, புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது சார்."

"அந்தப் பொம்பளகிட்ட யாரு சொல்றது?"

சுலோசனா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீதானே போட்ட," என்றார் அவர் யாமினியிடம். "நீயே சொல்லு. இப்பிடியே சொல்லு."

செங்கம்மா தியேட்டர் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். யாமினி வருவதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஆயிடுச்சா? இவ்ளோ சீக்கிரமா?"

"இல்லம்மா. ஆபரேஷன் இன்னிக்கி இல்ல."

"ஏன்?"

"நான் காலையில போட்டேன் இல்ல, ஒரு ஊசி. அது அவருக்குப் போட வேண்டியது இல்ல. சுகர் இருக்கறவங்களுக்குப் போடறது. அந்த ஜீப்பு ஓட்டறவருக்கு. தப்பா அவருக்குப் போட்டுட்டேன்."

செங்கம்மாவுக்கு உடனே புரியவில்லை. "சர்க்கரை ஊசியா? அவருக்கு சர்க்கரை இல்லியே. ரெண்டு டம்ளரு டீயிலயும் அள்ளி அள்ளிப் போட்டுக் குடிப்பாரே."

"ஆமாம்மா. அதான். இல்லாதவங்களுக்குப் போட்டா ஒடம்புல சக்கரை கொறஞ்சிக்கினே போவும். மூளைக்கு..." அவள் நிறுத்தினாள்.

"செத்துடுவாரா?"

தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துப் போனார்கள்.

"குளுக்கோஸ் ஏறிக்கினு இருக்குது. சாயந்திரம் வரைக்கும் விடாம பாக்கணும். பாத்துக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது."

"பாக்கலன்னா?"

செங்கம்மாவின் கை சுவரைத் தேடியது. பிறகு அவள் யாமினி எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"நாந்தான். நாந்தான் கட்டில மாத்தினேன். கம்முனு கெடக்கறத வுட்டுட்டு, மலையப் பாக்கட்டும்னு நாந்தான்... ஐயோ, நானே கொன்னுட்டனே." தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு வேணாம்னாரு. இருக்கற எடமே போதும்னாரு."

பெரிய டாக்டர் சொல்லச் சொன்னதை அவளே சொல்லிவிட்டாள். யாமினி சும்மா நின்றாலே போதும். தலையைக்கூட அசைக்க வேண்டாம். தாழ்வாரத்தின் மறுமுனையில் சுலோசனா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்களின் குரல்கள், பல குரல்கள். "குப்பம் பஸ்ஸு லேட்டு" என்று யாரோ சொல்லிக்கொண்டே ஏறினார்கள்.



"நீங்க கட்டில் மாத்தினது தப்பில்ல," என்றாள். இந்த முறை குரல் பெரிதாக வந்துவிட்டது. அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. "எந்தக் கட்டில்ல இருந்தாலும் நான் பேரு கேக்கணும். கேட்டேன். நீங்க சொல்லல, நான் விட்டுட்டேன். பக்கத்துல யாரையாச்சும் கேட்டிருக்கணும். அட்டையப் பாத்திருக்கணும். என் தப்பு. உங்க தப்பு இல்ல."

படியேறி வந்த நான்கு பேர் அங்கேயே நின்றார்கள்.

"இன்னா தப்பு?" என்றார் முன்னால் இருந்தவர். திருமலையின் ஜாடை. "அண்ணி, ஏன் அழுவுற? அண்ணனுக்கு இன்னா?"

செங்கம்மா யாமினியைப் பார்த்தாள். அடுத்து அவள் சொல்லும் சொல்லில்தான் எல்லாம் இருந்தது.

"ஊசி மாறிப் போச்சி," என்றாள் கடைசியில். "இவதான் போட்டா. இவதான் வந்து சொன்னா. நீங்க யாரும் சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா இவங்க எல்லாரும் ஓடிடுவாங்க. அப்புறம் அவர யாரு பாக்கறது?"

*

திருமலையை வார்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரத்திலேயே போட்டார்கள். ஹேமநாத் மற்ற மருத்துவமனைகளுக்குப் போன் செய்துவிட்டு அங்கேயே இருந்தார். அரை மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கச் சொன்னார். வேறு நர்ஸ் இல்லை. சுலோசனா தலைவலி என்று மருந்து அறையில் உட்கார்ந்துவிட்டாள். யாமினிதான் பார்க்க வேண்டியிருந்தது.

தம்பிகள் நால்வரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவள் குனியும்போதெல்லாம் நான்கு பேரின் மூச்சும் கேட்டது.

மதியத்துக்குப் பின் சர்க்கரை எண் சரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே திருமலையின் பேச்சு சரிந்துவிட்டது. மேலுதட்டில் வியர்வை அரும்பியது. போர்வையை உதறினார். செங்கம்மாவைப் பார்த்து, "யாரு நீ? இங்க ஏன் உக்காந்துக்கினு இருக்கற?" என்றார்.

"நாந்தாங்க," என்றாள் செங்கம்மா.

"தக்காளி லாரி போயிடுச்சி. வுட்டுட்டீங்களேடா. போயிடுச்சி பாரு." அவர் எழ முயன்றார். கை லைனை இழுத்தது. "வுடு. யாரு நீ, வுடுறி என்ன."

ஒரு தம்பி பின்வாங்கினான். செங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். யாமினி ஓடிப்போய்க் குளுக்கோஸை எடுத்தாள். புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஹேமநாத்திடம் நீட்டினாள். அவர் வாய்விட்டுப் படித்தார். இருவரும் கட்டிலுக்கு வந்து, திருமலையின் பெயரைத் தம்பியிடம் கேட்டு, அதன் பிறகே செலுத்தினார்கள். அந்தச் சில நொடிகளில் தம்பி கத்தினான்: "பேரு கேக்கற நேரமாயா இது?"

"இதுதான் நேரம்," என்றார் ஹேமநாத்.

மருந்து உள்ளே போகப் போக திருமலையின் கண்கள் எங்கிருந்தோ திரும்பி வந்தன. கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"செங்கு, ஏன் அழுவுற? ஆபரேஷன் ஆயிடுச்சா?"

அதைக் கேட்டுத் தம்பிகளில் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காம் கட்டிலிலிருந்து புருஷோத்தமன் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். காலையில் அவருடைய ஊசியை ஹேமநாத்தே போட்டிருந்தார். இப்போது யாமினி அந்தப் பக்கம் போனபோது அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"எனக்குச் சாயந்திரம் ஊசி வேணாம் பாப்பா. மாத்திர இருந்தா குடு. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு முழுங்கிக்கிறேன்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஓட்டற வண்டியில ஒரு தரம் பிரேக்கு புடிக்கலன்னா, அப்புறம் எவ்ளோ ரிப்பேர் பண்ணாலும் காலு தானா அழுத்திக்கினேதான் இருக்கும்மா. உன் மேல கோவம் இல்ல."

யாமினி தலையசைத்தாள். அடுத்த அரை மணி வந்துவிட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரத்துக்குப் போனாள். தம்பிகள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். திருமலை விழித்திருந்தார். அவருடைய வலது கை செங்கம்மாவின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. மேலே முந்தானை மூடியிருந்தது.

"விரல் காட்டுங்க," என்றாள் யாமினி.

செங்கம்மா அசையவில்லை.

"வேற யாராச்சும் வரட்டும்."

"டாக்டரு கீழ போயிருக்காரு. இப்போ பாக்கணும்மா. தள்ளிப்போடக் கூடாது."

"வேற யாராச்சும் வரட்டும்னு சொல்றேன் இல்ல."

"வுடுறி," என்றார் திருமலை மெதுவாக. "கை ஒண்ணும் போயிடாது."

"நீ கம்முனு இரு."

யாமினி தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து செங்கம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பஞ்சு. சோதனைப் பட்டை. விரலில் குத்தும் சிறு முள், மூடி பிரிக்காதது.

"இதுல மருந்து இல்ல. உள்ள ஒண்ணும் போவாது. ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரும், அவ்ளோதான்."

செங்கம்மா முள்ளை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே எதுவும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள். யாமினி காத்திருந்தாள். அவசரப்படுத்த நாக்கு துடித்தது. அவரது மேலுதட்டில் வியர்வை இருக்கிறதா என்று தேடினாள். தெரியவில்லை.

செங்கம்மா முள்ளைத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையை விலக்கினாள். மூடியிருந்த கணவரின் கையிலிருந்து ஒரே ஒரு விரலைப் பிரித்து நீட்டினாள். மற்ற நான்கையும் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டாள்.

யாமினி குத்தினாள். துளி வந்தது. பட்டை அதைக் குடித்தது. எண் வரும்வரை இருவரும் கருவியையே பார்த்தார்கள்.

"நூத்தி பன்னெண்டு."

"நல்லதா?"

"நல்லது."

"மறுபடி எப்போ?"

"அரை மணி கழிச்சி."

"வா," என்றாள் செங்கம்மா. "எல்லாத்தையும் காட்டிட்டுத்தான் குத்தணும்." அந்த விரலை மடக்கி உள்ளே எடுத்துக்கொண்டு, முந்தானையால் மறுபடி மூடினாள்.